கொலீஜியம் பரிந்துரையைப் படிப்பது எப்படி: பெயருக்கு முன் தேதியைப் பாருங்கள்

நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெயரைப் பரிந்துரைத்ததும் அவர் என்னென்ன தீர்ப்பு எழுதினார், யாருக்கு வேண்டியவர் என்று எல்லோரும் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். தோண்டலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில தேதிகள். இந்தியாவில் நீதிபதி நியமன அரசியலின் பெரும்பகுதி, கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, யாருக்கு முன்னால் யார் பதவியேற்றார் என்பதில்தான் இருக்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சட்டப் படிப்பு வேண்டாம். ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று இடங்களிலிருந்து தகவல் எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கொலீஜியம் தீர்மானங்கள் இருக்கின்றன. 2017 அக்டோபர் முதல் வெளியிடுகிறார்கள். அதே தளத்தில் இப்போதைய நீதிபதிகளின் பிறந்த தேதி, பதவியேற்ற தேதி, ஓய்வு பெறும் தேதி உண்டு. சட்ட அமைச்சகத்தின் கீழுள்ள நீதித் துறையின் தளத்தில் நியமன அறிவிக்கைகளும் மாதாமாதம் புதுப்பிக்கப்படும் காலியிடப் பட்டியலும் கிடைக்கும். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன' என்று வரும் செய்திகளைத் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள். தேதிகளோடு கலக்காதீர்கள்.

தாளில் ஒவ்வொரு பெயருக்கும் ஏழு கட்டங்கள் போடுங்கள்: இடம் காலியான நாள், கொலீஜியம் தீர்மானித்த நாள், அரசு திருப்பி அனுப்பியிருந்தால் அந்த நாள், மறுபடி வலியுறுத்திய நாள், நியமன அறிவிக்கை நாள், பதவியேற்ற நாள், 65 வயது நிறையும் நாள். பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். காலிக் கட்டமும் ஒரு தகவல்தான்.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

அரசமைப்பின் 124-ஆவது பிரிவை மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே 'கொலீஜியம்' என்ற சொல்லே கிடையாது. குடியரசுத் தலைவர் நீதிபதிகளை நியமிப்பார், இந்தியத் தலைமை நீதிபதியைக் கட்டாயம் கலந்தாலோசிப்பார் என்றுதான் இருக்கிறது. தகுதியும் எளிது: இந்தியக் குடிமகனாக இருந்து, உயர் நீதிமன்ற நீதிபதியாக ஐந்தாண்டு, அல்லது உயர் நீதிமன்ற வழக்கறிஞராகப் பத்தாண்டு கண்டிருக்க வேண்டும், அல்லது சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். மூன்றாவது வழியில் இதுவரை ஒருவர்கூட வரவில்லை.

கலந்தாலோசனை என்றால் ஒப்புதலா, வெறும் கருத்துக் கேட்பா என்பதில்தான் மொத்தச் சண்டையும். 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் அரசின் கையே ஓங்கியது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. 1998-இல் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாகத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த ஐவர் குழு உறுதியானது. 2014-இல் நாடாளுமன்றம் 99-ஆவது திருத்தத்தால் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தது. ஆறு பேர் ஆணையம்; அதில் எந்த இருவர் எதிர்த்தாலும் பெயர் விழும். அந்த ஏற்பாட்டையே 2015 அக்டோபர் 16-இல் நான்குக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செலமேஸ்வர் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

நீதிபதிகள் ஏன் இதை இவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்று கேட்பவர்கள் 1973-ஐப் பார்க்க வேண்டும். அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய கேசவானந்த பாரதி தீர்ப்பு ஏப்ரல் 24-இல் வந்தது. மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்தவர்களைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். 1977-இல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி எம்.எச். பெய்க் வந்தார். நெருக்கடி நிலைக் காலத்தின் ஆட்கொணர்வு வழக்கில் தனியாக நின்று மாறுபட்டவர் கன்னா. அந்த இரண்டு நியமனங்களுக்குப் பிறகு, மூத்தவரே தலைமை நீதிபதி என்ற மரபைத் தொட எந்த அரசும் துணியவில்லை. அதனால் ஆட்டம் இன்னொரு இடத்துக்கு நகர்ந்தது. தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாதென்றால், வரிசையில் யார் எங்கே நுழைகிறார் என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணிமூப்புக் கணக்கு

இதுதான் உயிர்நாடி. பணிமூப்பு பதவியேற்பிலிருந்து எண்ணப்படுகிறது. பரிந்துரைத்த நாளுக்கு அதில் இடமில்லை. ஒரே நாளில் பலர் பதவியேற்றால் நியமன வரிசைப்படி முன்னால் இருப்பவர் மூத்தவர். ஓய்வு, 65-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்.

செய்து பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒன்பது பேர் ஒன்றாகப் பதவியேற்றார்கள். வரிசை: ஓகா, விக்ரம் நாத், ஜே.கே. மகேஸ்வரி, ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா, சி.டி. ரவிக்குமார், எம்.எம். சுந்தரேஷ், பேலா திரிவேதி, பி.எஸ். நரசிம்மா. இவர்களுக்கு மூத்தவர், 2025 நவம்பரில் தலைமை நீதிபதி ஆன சூரிய காந்த். அவர் பிறந்தது 10-2-1962. எனவே அவருடைய கடைசி நாள் 9-2-2027. அந்த நாளில் பட்டியலில் மிஞ்சுபவர்களில் மூத்தவர் யார்? ஓகா 2025-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். மகேஸ்வரி, கோலி, ரவிக்குமார், திரிவேதி ஆகியோரின் ஓய்வு நாள்களும் 9-2-2027-க்கு முந்தையவை. விக்ரம் நாத் பிறந்தது 24-9-1962. அவர் 23-9-2027 வரை இருப்பார். அடுத்து நாகரத்னா, பிறந்தது 30-10-1962. அவர் நாற்காலியில் இருக்கப்போவது செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை, 36 நாள். இந்தியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி என்ற தலைப்புச் செய்தியும் இந்த 36 நாளும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை. சுந்தரேஷ் வரிசையில் நரசிம்மாவுக்கு முன்னால் இருக்கிறார். ஆனால் பிறந்தது 21-7-1962 என்பதால் 2027 ஜூலை 20-இல் ஓய்வு. நாற்காலி அவரைத் தாண்டிப் போய்விடும். நரசிம்மா ஒன்பதாவது ஆள், ஆனால் 1963 மே மாதம் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்து நேராக வந்த அவருக்கு 2027 அக்டோபர் 30 முதல் 2028 மே 2 வரை கிடைக்கிறது.

ஆகவே வயது குறைந்த ஒருவரைப் பரிந்துரைப்பது எப்போதும் பெரிய முடிவு. கொலீஜியமும் இதை மறைப்பதில்லை. 2023 மே 16-இல் கே.வி. விசுவநாதனைப் பரிந்துரைத்த தீர்மானத்திலேயே, பர்திவாலா 2030 ஆகஸ்ட் 11-இல் ஓய்வு பெற்றதும் இவர் 2031 மே 25 வரை தலைமை நீதிபதி வரிசையில் இருப்பார் என்று எழுதியிருந்தார்கள்.

கணக்கில் தவறு வரும் இடம்: இன்றைய பட்டியல் அப்படியே இருக்கும் என்று நினைப்பது. யாராவது ராஜினாமா செய்தால், இறந்தால், வரிசை நகரும். ஆகையால் 'தலைமை நீதிபதி ஆவார்' என்று எழுதாமல் 'வரிசையில் இருக்கிறார்' என்று எழுதுங்கள்.

தீர்மானத்தைப் படிக்கும் முறை

கொலீஜியம் தீர்மானங்கள் இரண்டு வகை. ஒன்று, பெயர்ப் பட்டியல் மட்டும் உள்ள நாலு வரி. மற்றது, காரணங்கள் எழுதிய இரண்டு மூன்று பக்கம். எந்தத் தலைமை நீதிபதி காலத்தில் எந்த வகை வந்தது என்பதையே குறித்து வைக்கலாம். நீளமான தீர்மானம் கிடைத்தால் இவற்றைத் தேடுங்கள்.

ஒன்று, பணிமூப்பு எண். உயர் நீதிமன்ற நீதிபதிகளின் அகில இந்திய வரிசையில் இவர் எத்தனையாவது, தன் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தவர்களில் எத்தனையாவது. வரிசையைத் தாண்டியிருந்தால் காரணம் எழுதியிருக்கிறதா? 2024 ஜூலையில் ஆர். மகாதேவனைப் பரிந்துரைத்தபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் வரிசையில் அவர் மூன்றாவது இடத்தில் இருப்பதையும், பிற்படுத்தப்பட்ட சமூகப் பிரதிநிதித்துவத்துக்காக முன்னுரிமை தருவதையும் வெளிப்படையாகவே எழுதினார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, வாதாட ஒரு காரணம் கையில் கிடைக்கிறது. காரணமே எழுதாமல் தாண்டுவதுதான் வதந்திக்குத் தீனி.

இரண்டு, மாறுபட்ட கருத்து. 2023 ஜனவரி 31 தீர்மானத்தில் ராஜேஷ் பிந்தல் பெயர் ஒருமனதாகவும், அரவிந்த் குமார் பெயரில் குழுவில் இருந்த கே.எம். ஜோசப்புக்குத் தயக்கம் இருந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் விபுல் பஞ்சோலி பெயருக்கு நாகரத்னா எதிர்ப்புத் தெரிவித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வெளியான அறிக்கையில் அதுபற்றி ஒரு வரி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதிவு செய்வது விதியா விருப்பமா என்பது தெரியும். 1998 தீர்ப்பின்படி ஐவரில் இருவர் வலுவான காரணத்தோடு எதிர்த்தாலே தலைமை நீதிபதி அந்தப் பெயரை வற்புறுத்தக் கூடாது. ஆக, ஒரு மாறுபட்ட குரலுக்கும் இரண்டு குரலுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

மூன்று, முன்னுரிமை வாசகம். அதே ஜனவரி 31 தீர்மானத்தில், 2022 டிசம்பர் 13-இல் அனுப்பிய ஐந்து பெயர்களும் இப்போதைய இரண்டுக்கு முன்னதாக நியமிக்கப்பட வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தார்கள். அரசு பிந்தியவரை முதலில் போட்டுவிடும் என்ற கவலை இல்லாமல் அந்த வரி அங்கே வந்திருக்காது. ஐவரும் பிப்ரவரி 6-இல், மற்ற இருவரும் 13-இல் பதவியேற்றார்கள்.

கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஓய்வு ஒன்று நடந்தால் குழு மாறும். குழு மாறினால் முடிவும் மாறலாம். 2018 டிசம்பர் 12 கூட்டத்தில் பிரதீப் நந்திரஜோக், ராஜேந்திர மேனன் பெயர்கள் பேசப்பட்டன. குழுவில் இருந்த மதன் லோக்கூர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். 2019 ஜனவரி 10-இல் புதுக் குழு தினேஷ் மகேஸ்வரி, சஞ்சீவ் கன்னா பெயர்களை அனுப்பியது. அந்த கன்னாதான் 2024 நவம்பரில் தலைமை நீதிபதி ஆனார். டிசம்பர் கூட்டக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதித் தீர்மானத்தை மட்டும் வெளியிட்டால் போதும், பேச்சு நிலையில் இருந்ததைத் தர வேண்டியதில்லை என்று 2022-இல் முடிந்தது. எனவே கையெழுத்தாகாத கூட்டத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கோப்பு அரசிடம் போன பின்

தலைமை நீதிபதி சட்ட அமைச்சருக்கு அனுப்புவார். சட்ட அமைச்சர் பிரதமரிடம் வைப்பார். பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் நியமன ஆணையில் கையெழுத்திடுவார். இடையில் உடல்தகுதிச் சான்றும் வயதுச் சான்றும் வாங்கப்படும். அறிவிக்கை, அரசிதழ், பதவியேற்பு. இந்த வழி முழுவதிலும், இத்தனை நாளுக்குள் முடிவெடு என்ற கட்டாயம் அரசமைப்பில் எங்கும் இல்லை. அரசின் பலம் முழுக்க இந்த ஓட்டையில் இருக்கிறது.

அரசுக்கு நான்கு வழிகள். ஒப்புக்கொண்டு உடனே நியமிப்பது: விசுவநாதன் மே 16-இல் பரிந்துரை, 19-இல் பதவியேற்பு. காரணம் எழுதித் திருப்புவது: கொலீஜியம் ஒருமனதாக மறுபடி வலியுறுத்தினால் நியமித்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பு. பட்டியலைப் பிரிப்பது: 2014-இல் நான்கு பெயரில் கோபால் சுப்பிரமணியத்தை மட்டும் ஒதுக்கி மற்ற மூன்றை நகர்த்தினார்கள், அவர் தானே விலகிக்கொண்டார், தன்னிடம் சொல்லாமல் பிரித்தது தவறு என்று அன்றைய தலைமை நீதிபதி லோதா பகிரங்கமாகச் சொன்னார். நான்காவது, கிடப்பில் போடுவது. திருப்பியும் அனுப்பாமல், நியமிக்கவும் செய்யாமல் இருந்தால் கொலீஜியத்துக்கு வலியுறுத்த வாய்ப்பே வராது. நான்கில் இதுதான் பலமான ஆயுதம், ஏனென்றால் இதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.

கே.எம். ஜோசப் விவகாரத்தை ஏழு கட்டத்திலும் நிரப்பிப் பழகுங்கள். 2018 ஜனவரி 10-இல் அவரையும் இந்து மல்கோத்ராவையும் சேர்த்துப் பரிந்துரைத்தார்கள். ஏப்ரல் 26-இல் அவர் பெயர் திரும்பியது. மல்கோத்ரா 27-இல் பதவியேற்றார். ஜூலையில் வலியுறுத்தல். ஆகஸ்ட் 7-இல் இந்திரா பானர்ஜிக்கும் வினீத் சரணுக்கும் பின், மூன்றாவதாக ஜோசப் பதவியேற்றார். 2016-இல் உத்தரகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் பெரிய கூச்சல் எழுந்தது. சரி, இழந்தது என்ன? தலைமை நீதிபதி பதவி அவர் வயதுக்கு எப்படியும் எட்டாது. 2023 ஜூனில் ஓய்வு. அமர்வில் யார் மூத்தவர் என்பது மாறியது. கொலீஜியத்தில் 2022 ஆகஸ்ட் 27-இல் அவருக்கு வந்திருக்க வேண்டிய இடம் பானர்ஜிக்குப் போய், அவர் செப்டம்பர் 23-இல் ஓய்வு பெற்ற பிறகே ஜோசப்புக்குக் கிடைத்தது. ஏறக்குறைய நான்கு வாரம். அவமதிப்பு பெரிது, இழப்பு சிறிது. கணக்குப் போட்டால்தான் இது தெரியும்.

உயர் நீதிமன்றப் படியை விட்டுவிடாதீர்கள்

உச்ச நீதிமன்றத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உயர் நீதிமன்றத்திலிருந்து வருகிறார்கள். ஒருவர் அங்கே ஓராண்டு தாமதமாக நுழைந்தால், மேலே போகும் வாய்ப்பே போகலாம். அங்கே வழி வேறு: உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரு மூத்தவர்களும் பெயரைத் தொடங்குவார்கள், காலியாவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல்வரும் ஆளுநரும் கருத்துச் சொல்ல ஆறு வாரம். உளவுத் துறை அறிக்கை சேரும். டெல்லியில் முடிவெடுப்பது ஐவர் அல்ல, மூவர் கொலீஜியம்; செய்திகளில் இது அடிக்கடி தவறாக வருகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கால அளவு வகுத்தது: உளவு அறிக்கைக்கு நான்கு முதல் ஆறு வாரம், அரசு கோப்பை அனுப்ப எட்டு முதல் பன்னிரண்டு வாரம், ஒருமனதாக வலியுறுத்திய பின் நியமிக்க மூன்று நான்கு வாரம். இந்த எண்களை உங்கள் தாளின் மேல் எழுதி வையுங்கள். தாமதத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை 2023 ஜனவரி 17-இல் கொலீஜியம் மறுபடி வலியுறுத்தியது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார் என்ற ஆட்சேபம் தகுதியைப் பாதிக்காது என்றும் எழுதியது. மூன்று நான்கு வாரம் என்ற அளவை வைத்து அந்தக் கோப்பின் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். அடுத்த மாதமே அதே நீதிமன்றத்துக்கு விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டார். அவரை எதிர்த்த மனு, பதவியேற்பு நாளான பிப்ரவரி 7 காலையிலேயே தள்ளுபடி ஆனது. தகுதி இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கும், பொருத்தமானவரா என்பதைப் பார்க்காது என்பதே காரணம். வழக்குப் போட நினைப்பவர்கள் இந்தக் கோட்டை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

காலண்டரில் குறிக்க வேண்டிய நாள்

தலைமை நீதிபதி ஓய்வு பெறுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன், அடுத்தவர் யார் என்று கேட்டுச் சட்ட அமைச்சர் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதம் போய்விட்டால் புதிய பரிந்துரைகளுக்குக் கொலீஜியம் கூடுவதில்லை என்பது மரபு. 2022-இல் தலைமை நீதிபதியாக இருந்த யு.யு. லலித்துக்கு மொத்தமே 74 நாள்தான். செப்டம்பர் 30 கூட்டம் நடக்காமல் போனது. பெயர்களைச் சுற்றுக்கடிதமாக அனுப்பி ஒப்புதல் கேட்டார்; இருவர் ஒப்புக்கொண்டார்கள், சந்திரசூடும் அப்துல் நசீரும் அந்த முறையையே ஏற்கவில்லை. அக்டோபர் 7-இல் அமைச்சர் கடிதம் வந்தது, கதை முடிந்தது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு: எஸ்.ஏ. போப்டே தலைமையில் 2019 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெயர்கூடப் போகவில்லை. கொலீஜியத்தில் இருந்த ரோகின்டன் நாரிமன் 2021 ஆகஸ்ட் 12-இல் ஓய்வு பெற்றார். ஐந்தாம் நாள் ஒன்பது பெயர்கள் ஒரே தீர்மானத்தில் வெளிவந்தன.

எனவே ஒவ்வொரு தலைமை நீதிபதியின் ஓய்வு நாளிலிருந்தும் முப்பது நாளைக் கழித்து ஒரு கோடு போடுங்கள். கொலீஜியத்திலுள்ள மற்ற நால்வரின் ஓய்வு நாள்களையும் அதே தாளில் குறியுங்கள். அந்த நால்வரில் அடுத்த தலைமை நீதிபதி ஆகப்போகிறவர் யாரும் இல்லையென்றால் ஆறாவது ஆளையும் சேர்க்க வேண்டும்; சந்திரசூட் காலத்தில் சஞ்சீவ் கன்னா அப்படித்தான் உள்ளே வந்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை காலியிடம் இருக்கிறது என்று பார்த்தாலே, அடுத்த பரிந்துரை எந்த வாரங்களில் வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.